காலேஜ் மெயில் ஐடி மாசக்கடைசியில கட் ஆகுது, உள்ள கெடக்குறத எல்லாம் எப்படி வெளிய எடுக்க?

கடியபட்டணம் பிள்ள | ஜூன் 16, ராத்திரி 10.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த வருஷம் எம்.ஏ. முடிச்சேன், நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ். பரீட்சை, வைவா எல்லாம் ஆயாச்சு. இப்பம் டிபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்புல ஒரு மெசேஜ் வந்து கெடக்கு, படிச்சு முடிச்சவங்க எல்லாருக்க காலேஜ் மெயில் ஐடியும் ஜூன் 30-ஓட க்ளோஸ், வேணுங்கிறத எடுத்து வச்சுக்கிடணும்னு. அவ்வளவுதான். எப்படி எடுக்கணும், யார்ட்ட கேக்கணும்னு ஒரு வரி கூட இல்ல.

2020-ல கொரோனா நேரத்துல ஆன்லைன் கிளாஸ் தொடங்குனப்போ குடுத்த ஐடி அது, யூ.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே காலேஜ்ங்கிறதால அஞ்சு வருஷமா அது ஒண்ணுதான் எனக்க ஐடி. போன் வாங்குனப்போ கூட அதத்தான் போட்டேன். சொந்தமா ஜிமெயில் ஒண்ணு இருக்கு, ஆனா அதத் தொறந்தே வருஷக்கணக்குல ஆச்சு. அந்த ஐடிக்க கூகுள் டிரைவ்ல மொத்தம் 61 ஜிபி கெடக்கு.

அதுல பாட்டுப் படம்னு இருந்தா நான் கவலப்பட மாட்டேன். எனக்க ப்ராஜெக்ட் முட்டம் தொடங்கி குளச்சல் வரைக்கும் உள்ள கட்டுமரக்காரங்க, வள்ளக்காரங்கட்ட பேசி எடுத்தது. காத்துக்கு என்ன பேரு சொல்லுறாங்க, வாடை, கச்சான், கொண்டல், சோழகம்னு, எது எந்த மாசம் அடிக்கும், எது அடிச்சா எந்த மீனு கெடைக்கும், கரையில தெரியுற மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒண்ணோட ஒண்ணு நேர் பாத்து கடலுக்குள்ள இடம் எப்படி கண்டுபிடிக்கிறாங்க, இதெல்லாம். ஆடியோ மட்டும் 38 ஃபைல். அதுல நாலு எனக்க பாட்டா (தாத்தா) பேசுனது. பாட்டா போன ஐப்பசியில தவறிட்டாங்க. அந்த நாலும் வேற எங்கயும் இல்ல, போன்ல எடம் பத்தாம டிரைவ்ல ஏத்திட்டு போன்ல அழிச்சிட்டேன்.

நேத்து ஒரு வேல பண்ணேன், வீட்டு லேப்டாப்புல டிரைவ் ஃபோல்டர் மாதிரி தெரியுதுல்ல, அதுல இருந்து எழுதுன டாக்குமெண்ட் எல்லாத்தையும் பென்டிரைவ்ல காப்பி பண்ணேன், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிட்டு. இவ்வளவு சீக்கிரம் எப்படி முடியும்னு ஒரு சந்தேகம். இன்னொண்ணு, நாங்க நாலு பேரு சேந்து ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு 412 பேருட்ட பதில் வாங்குனோம், அந்த ஃபோல்டர் எனக்க கூட்டுக்காரிக்க ஐடில இருந்தது, அவ கல்யாணம் ஆகி நடுவுல டிசி வாங்கிட்டுப் போயிட்டா. ஜூன் 7-ஆம் தேதி நான் தொறந்து பாத்தேன், இருந்தது. இப்பம் காணல. அவளுக்கும் லாகின் ஆகலயாம்.

தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. பதினாலு நாளுதான் இருக்கு.


லேப் அண்ணன் தக்கலை | ஜூன் 16, ராத்திரி 11.25

மக்களே, நான் ஒரு காலேஜ்ல ஒம்பது வருஷம் சிஸ்டம் அட்மினா இருந்தவன், இந்த க்ளோஸ் பண்ற வேலைய நானே வருஷா வருஷம் பண்ணியிருக்கேன், அதனால வரிசையா சொல்லுறேன், நீ பதறாம படி. ஆனா உனக்க கேள்வியில நீ கடைசியா சொன்னதுதான் முதல்ல செய்ய வேண்டியது, கூட்டுக்காரிக்க ஃபோல்டர்.

கூகுள் ஐடிய காலேஜ் ரெண்டு விதமா நிறுத்தலாம். ஒண்ணு சஸ்பெண்ட், அதுல ஆளு உள்ள போக முடியாது ஆனா ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும். இன்னொண்ணு டெலீட். டெலீட் பண்ணா அந்த ஐடி ஓனரா இருக்குற எல்லா ஃபைலும் ஷேர் பண்ணி வச்சிருந்த மத்தவங்களுக்கும் சேந்து போயிடும். உனக்கு ஃபோல்டர் காணலன்னா அது டெலீட்தான். ஆனா டெலீட் பண்ணி 20 நாளுக்குள்ள அட்மின் நெனச்சா அந்த ஐடிய திரும்ப எழுப்பலாம், அட்மின் பக்கத்துல போயி ரீஸ்டோர்னு ஒரு பட்டன், ஒரு நிமிஷ வேல. 20 நாளு தாண்டிட்டா அட்மினாலயும் முடியாது. நீ 7-ஆம் தேதி பாத்திருக்க, அதுக்குப் பொறவுதான் போயிருக்கு, அப்பம் 27 வரைக்கும் கணக்கு வச்சுக்கோ. ஆனா 27 வரைக்கும் உக்காந்துட்டு இராதே, நாளைக்கே காலேஜுக்கு பஸ் ஏறு. போன் பண்ணா எடுக்க மாட்டாங்க, மெயில் போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. நேர போ. ஆபீஸ்ல கேக்காத, லேப்ல யாரு மெயில் ஐடி பாக்காங்கன்னு கேளு, டிபார்ட்மெண்ட் ஹெச்.ஓ.டி. கையெழுத்தோட ஒரு பேப்பர் கொண்டு போ, அதுல கூட்டுக்காரிக்க ஐடி, எந்த ஃபோல்டர், எத்தன நாளுக்குத் தொறந்து குடுத்தா போதும், மூணையும் எழுது. மூணு நாளு போதும்னு எழுதுனா அவங்களுக்கும் பயம் இருக்காது.

அடுத்து பென்டிரைவ். நீ சந்தேகப்பட்டது செரிதான். அதுல ஒரு டாக்குமெண்ட்ட ரைட் கிளிக் பண்ணி சைஸ் பாரு. ஒரு கேபி இருக்கும். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் எல்லாம் உனக்க லேப்டாப்புல ஃபைலா இல்லவே இல்ல, அது ஒரு வழிகாட்டி மட்டும், தொறந்தா நெட்டுல உள்ள டாக்குமெண்ட்டுக்குக் கொண்டு போகும். ஐடி போனா அந்த வழி போற எடத்துல ஒண்ணும் இருக்காது. எழுதுன தீசிஸ இப்படி பென்டிரைவ்ல வச்சிருக்கேன்னு நம்பி ஐடி போன பொறவு வந்து நின்ன பிள்ளைகள நான் பாத்திருக்கேன், ஒரு பொண்ணு லேப் வாசல்ல உக்காந்து அழுதது இன்னும் மனசுல இருக்கு, அன்னைக்கு 20 நாளும் தாண்டியிருந்தது. அதனால டாக்ஸ்ல தொறந்து டவுன்லோடு குடுத்து வேர்டு ஃபைலாவோ பிடிஎஃப்பாவோ எடுக்கணும், இல்லன்னா மொத்தமா டேக்அவுட்ல எடுத்தா அதுவே மாத்தித் தரும்.

டேக்அவுட்னா ஐடில உள்ளத எல்லாம் மொத்தமா இறக்க கூகுளே வச்சிருக்குற வழிதான். காலேஜ் ஐடில லாகின் பண்ணிட்டு கூகுள் டேக்அவுட்னு தேடு. முதல்ல எல்லாமே டிக் ஆகி இருக்கும், எல்லாத்தையும் எடுத்துட்டு டிரைவ், மெயில், போட்டோஸ், காண்டாக்ட்ஸ் மட்டும் டிக் பண்ணு. அடுத்த பக்கத்துல ஜிப் ஃபைல் ஒவ்வொண்ணும் எவ்வளவு பெருசா வேணும்னு கேக்கும், 2 ஜிபின்னு போடு. 50 ஜிபின்னு போட்டா ரெண்டே பெரிய ஃபைலா வரும், பாதியில கரண்ட் போச்சுன்னா மறுபடியும் முதல்ல இருந்து, அதோட பழைய பென்டிரைவ் நெறைய 4 ஜிபிக்கு மேல உள்ள ஒரு ஃபைல ஏத்துக்காது. அது ரெடியாக சில மணி நேரம் ஆகலாம், ரெண்டு நாளும் ஆகலாம், ரெடியானா மெயில் வரும். வந்த லிங்க் ஏழு நாளு வரைக்கும்தான், ஒவ்வொரு ஜிப்பையும் அஞ்சு தடவைக்கு மேல இறக்க விடாது. 28-ஆம் தேதி கேட்டுட்டு 30 ராத்திரி இறக்கலாம்னு நெனச்சிராத. இப்பவே குடுத்துட்டு படு.

மத்தவங்க உனக்கு ஷேர் பண்ணது டேக்அவுட்ல வராது. அத நீயே தனியா எடுக்கணும்.

ஏன் இப்படி அவசரப்படுத்துறாங்கன்னு நீ கேக்கலாம். முன்னாடி காலேஜுகளுக்கு கூகுள் அளவே இல்லாம எடம் குடுத்தாங்க. 2021-ல அத மாத்துறோம்னு சொல்லி 2022 ஜூலையில இருந்து ஒரு காலேஜ் மொத்தத்துக்கும் சேத்து 100 டிபி, அதாவது சுமார் ஒரு லட்சம் ஜிபின்னு ஆக்கிட்டாங்க. பல ஆயிரம் பிள்ளைகள், கிளாஸ் ரெக்கார்டிங் எல்லாம் சேந்தா அது ஒண்ணுமே இல்ல. அதனால பழைய ஐடிய அடிச்சுத்தான் புதுசா வர்ற பிள்ளைகளுக்கு எடம் பண்ணணும். அட்மின் மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா ஒரு பக்கம் நோட்டீஸ் அடிச்சு ஒட்டுறதுக்கு என்ன, அது செய்யாம விடுறது தப்புதான்.


கடியபட்டணம் பிள்ள | ஜூன் 17, மத்தியானம் 1.15

அண்ணே, ரொம்ப நன்றி. ஒரு கேபிதான் இருக்கு, எல்லாமே. பாத்ததும் கை நடுங்கிட்டு.

காலையில போனேன். லேப்ல உள்ள சார் நல்லாத்தான் பேசுனாங்க, ஆனா ஹெச்.ஓ.டி. மேடம் லீவு, நாளைக்குத்தான் வருவாங்க. டேக்அவுட் ராத்திரியே குடுத்துட்டேன், இன்னும் ரெடியாகல. ஒரு கஷ்டம், வீட்ல வைஃபை இல்ல, எனக்க போன்ல ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. 61 ஜிபின்னா நாப்பது நாளு வேணும். ஒரு இடத்துல படிச்சேன், நேரா சொந்த ஜிமெயிலுக்கே மாத்தி விடலாம்னு, அதுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் பக்கம் இருக்குன்னு. அது எனக்குத் தொறக்கல, உங்க அட்மின் அனுமதிக்கலன்னு வருது.


லேப் அண்ணன் தக்கலை | ஜூன் 17, மத்தியானம் 2.05

டிரான்ஸ்ஃபர் அட்மின் பக்கத்துல தொறந்து விட்டாத்தான் வரும். நாளைக்கு ஹெச்.ஓ.டி. பேப்பரோட போகும்போது அதையும் கேளு, ஆனா தொறந்து குடுத்தாலும் சும்மா கெடைக்குற ஜிமெயில்ல மெயில், டிரைவ், போட்டோ மூணுக்கும் சேத்து 15 ஜிபிதான், 61 அங்க ஏறாது. அதனால டாக்குமெண்ட்டையும் மெயிலையும் அப்படி மாத்து, ஆடியோ வீடியோவ எல்லாம் ஹார்டு டிஸ்க்ல இறக்கு. நெட்டுக்கு கவலப்படாத, லேப்லயே உக்காந்து இறக்கு, காலேஜ் லைன்ல 61 ஜிபி ஒண்ணு ரெண்டு சாயங்காலத்துல முடிஞ்சிரும். மத்தவங்க கிளாஸ் நடக்குற நேரத்துல போகாத, சாயங்காலம் மூணு மணிக்கு மேல போ. ஹார்டு டிஸ்க் இல்லன்னா கூட்டுக்காரங்கட்ட கடன் வாங்கு, பொறவு வாங்கிக்கலாம்.


குழித்துறை ரயில் | ஜூன் 17, ராத்திரி 9.30

நான் தினமும் குழித்துறையில இருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போயிட்டு வர்ற ஆளு, இத ட்ரெயின்ல நின்னுக்கிட்டே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிருங்க. அண்ணன் சொன்னது எல்லாம் செரி. ஆனா ஃபைல விட பெரிய ஒரு விஷயம் யாரும் சொல்லல, அதனால எழுதுறேன்.

தங்கச்சி, ஃபைல் போனா போனதுதான், அது உடனே தெரியும். லாகின் போனது உடனே தெரியாது. நான் 2019-ல பி.இ. முடிச்சேன். எந்த வெப்சைட் போனாலும் கூகுள் வச்சு உள்ள போன்னு ஒரு பட்டன் இருக்கும்ல, நாலு வருஷமும் காலேஜ் ஐடிய வச்சு அத அமுக்கி அமுக்கியே பழகிட்டேன். வேல தேடுற சைட்டு, கோடிங் பழகுற சைட்டு, ஆன்லைன் கோர்ஸ், எல்லாமே. அடுத்த வருஷம் ஐடிய நிறுத்துனாங்க, எனக்கு தெரியாது. ஒரு கம்பெனிக்கு எக்ஸாம் எழுதியிருந்தேன், பாஸ் ஆகி இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டு மெயில் போட்டிருக்காங்க, அது காலேஜ் ஐடிக்குப் போயி திரும்பிப் போயிருக்கு. கூட எழுதுன பையன் மூணு வாரம் கழிச்சு நீ ஏன்டே வரலன்னு கேட்டப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்த சைட்டுல மெயில் மாத்தலாம்னு போனா, மாத்துறதுக்கு பழைய மெயிலுக்கு ஓடிபி அனுப்புவேங்குது. பழைய மெயில் எங்க இருக்கு? அன்னைக்கு வீட்ல யார்ட்டயும் ஒண்ணும் சொல்லல, அம்மை ரெண்டு தடவ சாப்பிட கூப்பிட்டும் போகல.

அதனால நீ இத செய். காலேஜ் ஐடிக்க கூகுள் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டின்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல எந்தெந்த ஆப்பு, சைட்டெல்லாம் இந்த ஐடிய வச்சு உள்ள போயிருக்குன்னு வரிசையா காட்டும். அத ஒரு நோட்டுல எழுது. அது போதாது, மெயில்லயும் தேடு, வெல்கம்னு, வெரிஃபைன்னு, ரெஜிஸ்ட்ரேஷன்னு. யூ.ஜி.சி. நெட் பரீட்சைக்கோ வேற எதுக்கோ அப்ளை பண்ணியிருந்தா அந்த அப்ளிகேஷன்ல எந்த மெயில் குடுத்திருக்கன்னு பாரு. ஒவ்வொரு சைட்டுக்கும் போயி முதல்ல ஒரு பாஸ்வேர்டு போட்டுக்கோ, பொறவு மெயில சொந்த ஜிமெயிலுக்கு மாத்து. ரெண்டு மெயிலும் உயிரோட இருக்கும்போதுதான் இது நடக்கும்.

போன் விஷயம். போன்ல அந்த ஐடிதான் போட்டிருக்கேன்னு சொன்ன, அப்படின்னா உனக்க காண்டாக்ட்ஸ் எல்லாம் அந்த ஐடில சேவ் ஆகி கெடக்கும். ஐடி போனா நம்பரும் போகும். காண்டாக்ட்ஸ் ஆப்ல எக்ஸ்போர்ட் குடுத்து ஃபைலா எடுத்து சொந்த ஜிமெயில்ல இம்போர்ட் பண்ணு, புது நம்பர் சேவ் பண்ணும்போது எந்த ஐடில சேவ் ஆகுதுன்னும் மாத்தி வை. வாட்ஸப்ல செட்டிங்ஸ் போயி சாட் பேக்கப் பாரு, எந்த கூகுள் ஐடில பேக்கப் போகுதுன்னு இருக்கும், அது காலேஜ் ஐடியா இருந்தா மாத்திட்டு அப்பவே ஒரு பேக்கப் குடு. வாட்ஸப் பேக்கப் இப்பம் அந்த 15 ஜிபி கணக்குலதான் வரும், வீடியோவ விட்டுட்டு எடு. ஓடிபி நம்பர் காட்டுற ஆத்தண்டிகேட்டர் ஆப் வச்சிருந்தா அதுவும் எந்த ஐடியோட சிங்க் ஆகியிருக்குன்னு பாரு. குரோம்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் கூட அந்த ஐடிக்குள்ளதான்.

கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைகள் யாரும் இத படிச்சா, கிட்ஹப்ல (கோடு எழுதி சேத்து வைக்கிற சைட்டு) சொந்த மெயில சேத்து அத முதல் மெயிலா மாத்துங்க, ஆனா காலேஜ் மெயில அங்கயிருந்து எடுத்துராதீங்க. எடுத்தா நீங்க அந்த மெயில்ல எழுதுன பழைய கமிட் (அங்க ஏத்துன கோடு) எல்லாம் உங்க பேருல காட்டாது. அதே நேரம் பாஸ்வேர்டு மாத்துற மெயில் முதல் மெயிலுக்கு மட்டும் போகுற மாதிரி செட்டிங்ஸ்ல வச்சுக்கோங்க. கணக்குப் போடுற மேட்லாப் சாஃப்ட்வேருக்க காலேஜ் லைசன்ஸ் நின்னா, அதுல எழுதுன எம் ஃபைல் எல்லாம் ஆக்டேவ்ங்கிற வேற சாஃப்ட்வேர்ல ஓரளவு ஓடும், அது இலவசம். லைவ் ஸ்கிரிப்ட்டா எழுதுனது ஆக்டேவ்ல தொறக்காது, லைசன்ஸ் இருக்கும்போதே எம் ஃபைலா சேவ் பண்ணி எடுத்துருங்க.

பாறசாலை வந்தாச்சு, சிக்னல் போகுது.


ஆரல்வாய்மொழி ஆய்வு | ஜூன் 18, காலை 7.10

நான் பிஹெச்.டி. பண்றேன். ப்ராஜெக்ட் பத்தி படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சும்மா, இந்த மாதிரி வேலைய நம்ம மாவட்டத்துல இன்னும் நெறைய பேரு செய்யணும், அதனால இது தொலஞ்சிரக் கூடாதுன்னு எனக்கே பதட்டமாகுது.

ஃபார்ம் பத்தி ஒண்ணு. கூட்டுக்காரி ஐடி திரும்ப வந்ததும் நீ அந்த ஃபார்ம காப்பி எடுத்தா போதும்னு நெனச்சிராத. காப்பில கேள்விதான் வரும், 412 பேரு சொன்ன பதில் ஒண்ணு கூட வராது. ஃபார்ம்ல பதில் பக்கத்துக்குப் போயி சிஎஸ்வியா (எக்செல்ல தொறக்குற அட்டவணை ஃபைல்) இறக்கணும். அதுல போட்டோவோ ஆடியோவோ அப்லோடு பண்ணச் சொல்லி வாங்கியிருந்தா, அது ஓனருக்க டிரைவ்ல தனி ஃபோல்டரா கெடக்கும், அதையும் எடு. ஓனர உனக்க சொந்த ஜிமெயிலுக்கு மாத்திக் குடுன்னு அவகிட்ட கேக்காத, காலேஜ் ஐடில இருந்து வெளி ஐடிக்கு ஓனர் மாத்த கூகுள் விடாது, காலேஜுக்குள்ளயே வேணும்னா மாத்தலாம். எளுப்பமான வழி, சிஎஸ்விய அவளே இறக்கி உனக்கு அனுப்புறது.

சிஎஸ்விய எக்செல்ல நேரா டபுள் கிளிக் பண்ணா தமிழ் எழுத்து எல்லாம் கன்னாபின்னான்னு வரலாம். பயப்படாத, ஃபைல் கெட்டுப் போகல. எக்செல்ல டேட்டா பக்கத்துல இருந்து இம்போர்ட் பண்ணி யூடிஎஃப்-8ன்னு தேர்ந்தெடு. லிப்ரே ஆபீஸ்ல தொறந்தா அதுவே கேக்கும்.

டாக்ஸ வேர்டா மாத்துனா கைடு எழுதுன கமெண்ட் கூட வரும், ஆனா பழைய வெர்ஷன் ஹிஸ்டரி வராது. எப்பம் எத எழுதுனோம்னு பின்னாடி யாராவது கேட்டா காட்டணும்னா முக்கியமான ரெண்டு மூணு பழைய வெர்ஷன தனியா தொறந்து பிடிஎஃப்பா வச்சுக்கோ. நான் அப்படி வச்சிருந்ததாலதான் ஒரு கட்டுரை விஷயத்துல தப்பிச்சேன், அத இங்க விரிவா எழுத முடியாது.

அடுத்து பிஹெச்.டி. சேரப் போறியா? சேர்ந்தா ஆய்வு பண்றவங்களுக்குன்னு உள்ள ஆர்கிட் (ORCID) நம்பர் எடுத்திருப்ப இல்ல எடுக்கச் சொல்லுவாங்க, அந்த 16 இலக்க நம்பர் எந்த காலேஜ் போனாலும் உன்கூட வரும், ஆனா அதுல ரெண்டு மெயில் குடுத்து வை. ஜர்னல் படிக்கிற வசதி ஐடியோட நின்னு போகும், அதனால வேணுங்கிற கட்டுரைகள இப்பவே இறக்கி வை. நம்ம நாட்டு பிஹெச்.டி. தீசிஸ் சேத்து வைக்கிற சோத்கங்கா சைட்டுல உள்ளது எல்லாம் யாரு வேணும்னாலும் படிக்கலாம், அதுக்கு எந்த ஐடியும் வேண்டாம்.

இன்னொண்ணு, அந்தப் பதிவுகள்ல பேசுன ஆளுகளுக்க பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் இருக்கும். லிங்க் இருக்குற யாரும் பாக்கலாம்னு எங்கயும் தொறந்து போடாத. யாரு பேசுனாங்க, என்னைக்கு, எந்தக் கடற்கரையில, ஒரு பேப்பர்ல கையால எழுதி ஹார்டு டிஸ்க்கோட வை. பத்து வருஷம் கழிச்சு ஃபைல் இருக்கும், அது யாருக்க குரல்னு தெரியாமப் போகும்.


மணவாளக்குறிச்சி வாத்தியார் | ஜூன் 18, காலை 9.45

நான் ரிட்டயர்டு வாத்தியார், கம்ப்யூட்டர் எனக்கு பேரன் சொல்லித்தந்தது, அதனால அதப்பத்தி ஒண்ணும் சொல்லல. ஹார்டு டிஸ்க்ல போட்டு வீட்ல வச்சா போதும்னு நெனச்சிரக் கூடாதுன்னு சொல்லத்தான் எழுதுறேன்.

2017 நவம்பர் 30, ஓகி புயல் அடிச்ச அன்னைக்கு எங்க வீட்டு மாடியில ஆஸ்பெஸ்டாஸ் கூரை பேந்து போச்சு. மாடி ரூம்லதான் கம்ப்யூட்டர், அதுக்க பக்கத்துல ஒரு பெட்டியில ஹார்டு டிஸ்க். 28 வருஷமா பள்ளிக்கூடத்துல எடுத்த போட்டோ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அதுல வச்சிருந்தேன், ஒரு காப்பி கம்ப்யூட்டர்ல, ஒரு காப்பி ஹார்டு டிஸ்க்ல, ரெண்டும் ஒரே மேசையில. ரெண்டும் நனஞ்சு போச்சு. எங்க தெருவுக்கு கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, அதுவரைக்கும் அது உயிரோட இருக்கா இல்லியான்னு போட்டுப் பாக்கக் கூட முடியல. பொறவு நாகர்கோவில்ல ஒரு கடையில குடுத்தேன், பாதி கெடைச்சுது. கெடைக்காத பாதியில இருந்த பிள்ளைகள்ல சில பேரு இன்னைக்கும் ரோட்ல பாத்தா சார் அந்த போட்டோ இருக்கான்னு கேக்காங்க.

மோளே, ஒண்ணு உங்க வீட்ல வை. ஒண்ணு வேற ஊர்ல சொந்தக்காரங்க வீட்ல வை, கடல்ல இருந்து தள்ளி உள்ள வீடா இருந்தா ரொம்ப நல்லது. முக்கியமானத மட்டும் சொந்த ஜிமெயில்லயும் போடு.


லேப் அண்ணன் தக்கலை | ஜூன் 18, காலை 10.20

சார் சொன்னது நூத்துக்கு நூறு. அந்த சொந்த ஜிமெயில் விஷயத்துல ஒண்ணு மட்டும் சேத்துக்கிடுதேன், ரெண்டு வருஷம் யாரும் தொடாத அக்கவுண்ட்ட கூகுள் அழிக்கலாம்னு 2023 டிசம்பர்ல இருந்து விதி இருக்கு. அதனால மக்களே, நீ வருஷக்கணக்குல தொறக்காத ஜிமெயில்னு சொன்னியே, முதல்ல அது இருக்கான்னு பாரு. இருந்தா பாஸ்வேர்டு மாத்தி, உனக்க போன் நம்பர் அதுல செரியா இருக்கான்னு பாத்து, இனி அதத்தான் தினமும் உபயோகி.


கடியபட்டணம் பிள்ள | ஜூன் 24, ராத்திரி 8.50

எல்லாருக்கும் என்ன சொல்லன்னே தெரியல. நடந்தத எழுதுறேன், பின்னாடி இத தேடி வர்ற யாருக்காவது உதவும்.

18-ஆம் தேதி ஹெச்.ஓ.டி. மேடம் கையெழுத்து போட்டுத் தந்தாங்க. லேப் சார் பேப்பர வாங்கிப் பாத்துட்டு உடனே பண்ணல, பிரின்சிபால்ட்ட கேக்கணும்னு சொன்னாங்க. 19 வெள்ளாப்புல எடவப்பாதி மழை கொட்டுது, நான் போகாம இருந்திருப்பேன், அப்பாதான் மீன்பிடித் தடைக்காலம், போட்டுல கடலுக்குப் போக்கு இல்ல, நான் வாறேன்னு கூட வந்தாங்க. பிரின்சிபால் ரூம் வாசல்ல ஒண்ணரை மணி நேரம் நின்னோம். மத்தியானம் ஐடிய எழுப்பித் தந்தாங்க. கூட்டுக்காரிக்கு போன் பண்ணேன், அவ குலசேகரத்துல இருந்து லாகின் பண்ணி சிஎஸ்விய இறக்கி அனுப்புனா. எண்ணிப் பாத்தேன், 412 வரி இருக்கு. தமிழும் செரியா வருது, ஆரல்வாய்மொழி அக்கா சொன்ன மாதிரி இம்போர்ட் பண்ணேன்.

டேக்அவுட் 31 ஜிப்பா வந்துது. லேப்ல ரெண்டு சாயங்காலம் உக்காந்து இறக்குனேன், 17-ஆவது ஜிப் மட்டும் பாதியில நின்னு தொறக்கல, திரும்ப இறக்குனேன். போட்டோ ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துல ஜேசன்னு ஒரு சின்ன ஃபைல் வருது, அது குப்பைன்னு நெனச்சு அழிக்கப் போனேன், லேப் சார்தான் அதுலதான் தேதி எல்லாம் இருக்கு, வாட்ஸப்ல வந்த படத்துக்கு தேதி அத விட்டா வேற எடத்துல இருக்காதுன்னு சொன்னாங்க. வச்சிருக்கேன்.

குழித்துறை அண்ணே, நீங்க சொன்ன பக்கத்துல 23 சைட்டு இருந்துது. 21 மாத்திட்டேன். ஒண்ணு மெயில் மாத்தவே விடல, அதுல புதுசா அக்கவுண்ட் தொடங்கிட்டேன். இன்னொண்ணு எனக்கு வேண்டாம். காண்டாக்ட்ஸ் 640 நம்பர் காலேஜ் ஐடில இருந்துது, அதுல பாட்டாக்க நம்பரும் ஒண்ணு. எல்லாம் மாத்தியாச்சு. பழைய ஐடிக்கு மெயில் அனுப்புறவங்களுக்கு புது ஐடி இதுதான்னு தானா பதில் போற மாதிரி 30 வரைக்கும் போட்டு வச்சிருக்கேன்.

ஹார்டு டிஸ்க் ஒண்ணு வீட்ல, ஒண்ணு திருவட்டாறுல மாமா வீட்ல. பேசுன ஆளுகளுக்க பேரும் தேதியும் நோட்டுல எழுத அப்பா கூட உக்காந்தாங்க, நான் மறந்து போன ரெண்டு பேரு பேர அப்பா குரலக் கேட்டே சொல்லிட்டாங்க. பாட்டா பேசுன நாலும் கேட்டோம். மூணாவதுல முட்டம் லைட் ஹவுஸ எந்த மலைக்கு நேர் பாக்கணும்னு பாட்டா சொல்லுற எடத்துல அப்பா நிறுத்தச் சொல்லி, திரும்ப போடச் சொல்லி, மூணு தடவ கேட்டாங்க. அப்பா போன்லயும் அந்த நாலையும் ஏத்திக் குடுத்துட்டேன்.

அந்த மூணாவதுல காத்து சத்தம் ரொம்ப இருக்கு, கடற்கரையில எடுத்தது. அத எப்படி குறைக்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஆரல்வாய்மொழி ஆய்வு | ஜூன் 24, ராத்திரி 9.30

ஆடாசிட்டின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கும்மா, அதுல நாய்ஸ் ரிடக்‌ஷன்னு இருக்கும். பாட்டா பேசாம காத்து மட்டும் கேக்குற ரெண்டு செகண்ட செலக்ட் பண்ணி முதல்ல அதுக்குக் காட்டு, பொறவு முழுசுக்கும் குடு, கொஞ்சமா குடு, கூடுதலா குடுத்தா குரல் தகரத்துல பேசுற மாதிரி ஆயிடும். காப்பி எடுத்து அதுல பண்ணு, ஒரிஜினல தொடாத. காத்தப் பத்தி பேசுன பதிவுல அந்தக் காத்தும் இருக்கட்டும்.